சென்னை மாநகராட்சியின் இணையவழி சொத்து வரி சேவை: பணம் கட்ட அருமை, கணக்குப் பார்க்க வழியில்லை

சென்னையில் வீடோ கடையோ வைத்திருப்பவர் அரையாண்டுக்கு ஒருமுறை பயன்படுத்தியே ஆக வேண்டிய சேவை இது. பணம் செலுத்தும் வழி என்று பார்த்தால் தாராளமாக நல்ல மதிப்பெண் தரலாம். ஆனால், கேட்கப்படும் தொகை சரியா என்று வீட்டுக்காரர் சரிபார்க்கப் பணம் கட்டும் பக்கத்தில் வழியில்லை. வரி ஆண்டுதோறும் கூடும் நிலைக்கு வந்துவிட்ட பிறகு இந்தக் குறையைச் சின்னது என்று ஒதுக்க முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். மாநகராட்சி இணையதளத்தில் கணக்கு எதுவும் தொடங்காமலே கட்டலாம். பழைய ரசீதில் இருக்கும் நான்கு எண்கள் கையில் இருந்தால் போதும்: மண்டல எண், கோட்ட எண், பில் எண், துணை எண். இந்த வரிசை மாறினாலோ துணை எண்ணை விட்டுவிட்டாலோ 'விவரம் இல்லை' என்று வரும், அல்லது பக்கத்து வீட்டின் கணக்கு திறக்கும். அடுக்குமாடியில் இது இன்னும் எளிதாக நடக்கும். எனவே திரையில் தெரியும் உரிமையாளர் பெயரையும் கதவு எண்ணையும் ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். அட்டை, நெட் பேங்கிங், யுபிஐ எதில் வேண்டுமானாலும் செலுத்தலாம்.

கணக்கில் பணம் பிடித்தும் ரசீது வராமல் போவது உண்டு. உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். வங்கியின் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, ஓரிரு வேலை நாள் கழித்து அதே நான்கு எண்களைப் போட்டு நிலுவையைப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் வரவாகியிருக்கும். இருமுறை கட்டிவிட்டால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவதைவிட அடுத்த அரையாண்டில் கழித்துக்கொள்ளச் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அரையாண்டு ஏப்ரல் 1-லும் அக்டோபர் 1-லும் தொடங்குகிறது. முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் ரூ.5,000. அரையாண்டு வரி ஒரு லட்சத்தைத் தொடும்போதுதான் அந்த உச்சவரம்பு வரும் என்பதால் சாதாரண வீடுகளுக்கு முழு 5 விழுக்காடும் கிடைக்கும். தாமதித்தால் மாதம் 1% தனிவட்டி. ஆக, ஏப்ரலிலும் அக்டோபரிலும் சம்பளம் வந்த கையோடு கட்டிவிடுவதே லாபம்.

இனி குறைக்கு வருவோம். வீட்டின் பரப்பளவு, அந்தத் தெருவுக்கு நிர்ணயித்த அடிப்படை வாடகை மதிப்பு, கட்டடத்தின் வயது, குடியிருப்பா வணிகமா என்பது, இவற்றைக் கொண்டு ஆண்டு மதிப்பு, அதாவது அந்தச் சொத்தின் ஓராண்டு வாடகை மதிப்பு, கணக்கிடப்படுகிறது. அதன் மேல்தான் வரி. பணம் கட்டும் பக்கத்திலோ இறுதித் தொகையும் நிலுவையும் மட்டுமே கண்ணில் படுகின்றன. எத்தனை சதுர அடி, சதுர அடிக்கு என்ன வாடகை மதிப்பு, கட்டட வயதுக்கு என்ன கழிவு என்ற கணக்கு அங்கே இல்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 2022 வரி உயர்வைப் பார்த்தால் போதும். சென்னையில் 1998-க்குப் பிறகு வந்து நிலைத்த பெரிய சீராய்வு அதுதான். 2018-இல் உயர்த்தியதை அடுத்த ஆண்டே நிறுத்திவைத்துவிட்டார்கள். 2022-இல் பழைய மாநகராட்சிப் பகுதி வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 50%, 1,200 வரை 75%, 1,800 வரை 100%, அதற்கு மேல் 150% என்று கூட்டினார்கள். அம்பத்தூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் போல 2011-இல் சேர்ந்த பகுதிகளுக்கு இதே படிகளில் 25, 50, 75, 100 விழுக்காடு. படி மாறும் இடத்தில்தான் சிக்கல். பழைய வரி ரூ.2,000 என்றால், பதிவேட்டில் 1,200 சதுர அடி என்றிருக்கும் வீட்டுக்கு ரூ.3,500 ஆகியிருக்கும், 1,201 என்றிருந்தால் ரூ.4,000. ஒரே ஒரு சதுர அடி அளவுப் பிழைக்கு அரையாண்டுக்கு ரூ.500 தண்டம்.

அதோடு முடிவதில்லை. மாநில உற்பத்தி வளர்ச்சியின் ஐந்தாண்டு சராசரி அல்லது 6%, இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் வரியைக் கூட்டச் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் 6% உயர்வும் வந்தது. அந்த ரூ.500 வித்தியாசம் ஐந்து முறை 6% கூடினால் ஏறத்தாழ ரூ.670 ஆகும். குடிநீர் வாரியம் தனியாக வாங்கும் குடிநீர், கழிவுநீர் வரியும் சொத்தின் ஆண்டு மதிப்பில் 7% என்பதால் ஓரிடத்துத் தவறு இரண்டு பில்களில் ஏறும். மாநகராட்சிக்குக் கட்டிவிட்டால் வாரியத்துக்கும் சேர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். அது வேறு கணக்கு, வேறு எண்.

பிழையைத் திருத்த இணையத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில், உதவி வருவாய் அலுவலருக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். கிரயப் பத்திர நகல், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், கடைசி ரசீது மூன்றும் இணைத்திருக்க வேண்டும். 'வரி அதிகம்' என்று பொதுவாக எழுதினால் வேலை நடக்காது. 'பதிவேட்டில் இவ்வளவு, வரைபடத்தில் இவ்வளவு' என்று எண்களை எதிரெதிராக எழுதினால் அளந்து பார்க்க ஆள் வருவார். நோட்டீஸ் வந்திருந்தால் அதில் குறித்த கெடுவுக்குள் ஆட்சேபம் தர வேண்டும். மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக வரியை நிறுத்திவைத்தால் வட்டி ஏறும், கட்டிவிட்டு வாதாடுங்கள். வீடு வாங்கியவர்களுக்கும் ஒன்று: பத்திரம் பதிந்தாயிற்று என்பதோடு நிற்காமல், வரிக் கணக்கில் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள், இல்லையென்றால் விண்ணப்பியுங்கள்.

மாற்றம் வேண்டும் என்றால் பெங்களூரைப் பார்க்கலாம். அங்கே 2008-இல் வந்த அலகுப் பரப்பு முறையில் வீட்டுக்காரரே தன் மண்டலத்துக்குச் சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று நிர்ணயித்த மதிப்பைப் பரப்பளவால் பெருக்கி, பத்து மாதத்துக்குக் கணக்கிட்டு, தேய்மானம் கழித்து, மீதியில் 20% வரி என்று போட்டார். பொய்க் கணக்கு காட்டுபவர்களும் இருந்தார்கள்தான், ஆனால் என்ன கணக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சென்னைக்கு முறையையே மாற்ற வேண்டிய அவசியமில்லை. பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் பரப்பளவு, தெருவின் அடிப்படை வாடகை மதிப்பு, பயன்பாட்டு வகை, ஆண்டு மதிப்பு ஆகியவற்றை நான்கு வரிகளாகப் பணம் கட்டும் பக்கத்திலும் ரசீதிலும் அச்சிட்டால் போதும். 2022-இன் படிமுறைக்குப் பதில், வருமான வரியைப் போல் கூடுதல் பரப்புக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று வைத்தால் அந்த ஒரு சதுர அடித் தண்டமும் ஒழியும். உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு தரும் மானியத்தைப் பரிந்துரைத்த பதினைந்தாவது நிதிக்குழு அதற்கு நிபந்தனையாகக் கேட்டது குறைந்தபட்ச வரி விகிதத்தையும் வசூல் வளர்ச்சியையும்தான். கணக்கை மறைத்து வைக்க அது எங்கும் சொல்லவில்லை.

அதுவரை, கட்டுவதற்கு இணையத்தையே பயன்படுத்துங்கள், ரசீதை ஒவ்வொரு அரையாண்டும் இறக்கிச் சேமித்து வையுங்கள். இரண்டு ரசீதுகளுக்கு இடையே தொகை 6 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தால், அடுத்த தவணைக்கு முன்பே காரணம் கேட்டு மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள்.