தம்பிக்காக இருமும் மெஷின்: ஏழு மாதம் கழித்து

தம்பிக்கு டுஷென் தசைச் சிதைவு. மூச்சுவிடத் தொண்டையில் துளையிட்டு வைத்த டிரக்கியாஸ்டமி குழாய், ராத்திரி முழுக்க வென்டிலேட்டர். இருமுவதற்குத் தெம்பு கிடையாது. சளி கிளம்பிப் பாதி வழியில் நின்றுகொள்ளும். சக்‌ஷன் போட்டு உறிஞ்சினாலும் அதன் குழாய் எட்டுகிற ஆழம் கொஞ்சம்தான். அதற்கும் கீழே தங்குவதை எடுக்கத்தான் காஃப் அசிஸ்ட் வாங்கினோம். டாக்டர் சொன்னதால் கூடவே ஒரு கேப்னோகிராப்: விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று காட்டும் மெஷின்.

காஃப் அசிஸ்ட் காற்றை உள்ளே தள்ளி நெஞ்சை விரிய வைத்து, சட்டென்று திருப்பி உறிஞ்சும். அந்தச் ‘சட்டென்று’தான் இருமல். போலியோ பரவிய 1950களிலேயே இதற்கு ஒரு பாட்டன் மெஷின் இருந்ததாம். எங்களுக்கு 20இல் ஆரம்பித்து, டாக்டர் மெல்ல ஏற்றி, இப்போது பிளஸ் 40, மைனஸ் 40 சென்டிமீட்டர் நீர் அழுத்தம். ஐந்து மூச்சு ஒரு சுற்று, சக்‌ஷன், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. சாப்பிட்ட கையோடு வைக்கக் கூடாது. நுரையீரலில் காற்றுக் கசிவு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முதல் வாரம் பயந்தான். கை தூக்க முடியாதவன், மெஷின் ஓடும்போது பேசவும் வராது. புருவத்தை உயர்த்தினால் நிறுத்திவிடுவது என்று பேசி வைத்துக்கொண்டோம். இப்போது மூன்றாவது சுற்றில் குழாய்க்குள் களகளவென்று சத்தம் வந்ததுமே அவன் கண் சக்‌ஷன் பக்கம் போய்விடும். குறை என்றால், டிரக்கியாஸ்டமிக்கு என்று சொல்லி ஆர்டர் செய்தும் முகமூடியைத்தான் அனுப்பினார்கள். தொண்டைக் குழாயில் மாட்டும் இணைப்பான் வந்து சேர ஒன்பது நாள், அதுவரை மெஷின் அலமாரியில்.

கேப்னோகிராப் வீண் செலவு என்றுதான் நினைத்தேன். விரலில்தான் ஆக்சிமீட்டர் இருக்கிறதே! ஒருநாள் காலை தலைவலி என்றான், கண் சொருகிக்கொண்டே இருந்தது. ஆக்சிமீட்டர் 96. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்ததால் அது நன்றாகத்தான் காட்டும். கேப்னோகிராப்பில் கார்பன் டை ஆக்சைடு 58. சாதாரணமாக 35 முதல் 45 வரைதான் இருக்க வேண்டும். திரையில் ஓடும் மூச்சின் அலைக்கோடும் உச்சி தட்டையாக இல்லாமல் சுறாத் துடுப்பு மாதிரி சரிந்து கிடந்தது: காற்று வெளியேற முட்டுகிறது என்று அர்த்தம். டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே காஃப் அசிஸ்டை வைத்தோம். இரண்டாவது சுற்றில் பசை மாதிரி ஒரு கட்டி வந்தது. இருபது நிமிஷத்தில் எண் 47.

ஆனால் இதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. ஒரு ராத்திரி 29 காட்டியது, ‘அடடா, நன்றாக இறங்கிவிட்டதே’ என்று சந்தோஷப்பட்டேன். பார்த்தால் தொண்டைக் குழாயைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் கஃப் என்ற சின்ன பலூனில் காற்று இறங்கி, அவன் விடும் மூச்சு பக்கவாட்டில் கசிந்துகொண்டிருந்தது. மெஷினுக்கு வந்ததே பாதி மூச்சுதான். ரத்த வாயுப் பரிசோதனையோடு ஒருமுறை ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்; எங்களுடையது 4 குறைத்துக் காட்டுகிறது.

பெரிய தொல்லை, மூச்சில் கொஞ்சம் எடுத்து கேப்னோகிராப்புக்குக் கொண்டுபோகும் அந்த மெல்லிய குழாய். மூச்சின் ஈரம் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். விடியற்காலை மூன்று மணிக்கு எண் மறைந்து வெறும் கோடு, அலாரம், வீடே எழுந்துவிடும். சேவை எண்ணுக்கு அழைத்தால் ‘புதுக் குழாய் மாட்டுங்க மேடம்’ என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. அது பொருந்தும் துளையை மேல்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தால் தண்ணீர் இறங்காது என்று கடைசியில் ஒரு நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் பதினோரு குழாய் குப்பைக்குப் போயிருந்தது.

காஃப் அசிஸ்டுக்கு ஐந்துக்கு நாலரை. கேப்னோகிராப்புக்கு மூன்றரை, அந்தக் குழாய் மட்டும் உருப்படியாக இருந்தால் நாலரை போட்டிருப்பேன்.