நாள்பட்ட வலிக்கு ஹிப்னாசிஸா, மூளைத் தூண்டலா? அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அலசல்

இடுப்பு வலி வருடக்கணக்கில் தங்கிவிட்டது. ஸ்கேனில் ஆபரேஷன் செய்யும்படி எதுவும் இல்லை. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல் இருக்க டாக்டர் இரண்டு வழி சொன்னார்: ஹிப்னாசிஸ் (மனதை ஒருமுகப்படுத்தி ஆழ்ந்த நிலைக்குக் கொண்டுபோய் வலியைத் தணிக்கும் முறை), அல்லது தலைக்கு வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் சிகிச்சை. நான் ஹிப்னாசிஸ் பக்கம் போனேன், இன்றும் அதில்தான் இருக்கிறேன். அதனால் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

தூண்டலில் இரண்டு வகை. டி.எம்.எஸ். என்பது காந்தச் சுருளைத் தலையோடு ஒட்டிவைத்துத் துடிப்புகள் அனுப்புவது. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டியது. வலிக்கு என்றால், உடல் அசைவை நடத்தும் மூளைப் பகுதியின் மேல் பெரும்பாலும் வினாடிக்கு 10 துடிப்பு வைக்கிறார்கள். மதுரையில் ஒருவருக்குச் செய்ததைப் பார்த்தேன். இடம் கண்டுபிடிக்க ஒற்றைத் துடிப்பு விட்டதும் அவர் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. இன்னொன்று டி.டி.சி.எஸ்.: உப்புநீரில் நனைத்த பஞ்சைத் தலையில் கட்டி 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவது. இரண்டிலும் மயக்க மருந்து கிடையாது. வலிப்பு நோய் உள்ளவர்களும், தலைக்குள் உலோகமோ நெஞ்சில் பேஸ்மேக்கரோ வைத்தவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது தொடர்பராமரிப்புதான். டி.எம்.எஸ். ஒருநாள் வேலை இல்லை. வாரம் 5 நாள் வீதம் சில வாரம் போக வேண்டும். கிடைத்த நிவாரணம் கொஞ்ச காலத்தில் தேய்ந்துவிடுவதால் இடையிடையே மறுபடியும் போக வேண்டும். எனக்குச் சொன்ன இடம் மதுரை. இங்கிருந்து ஒரு வழிக்கே 4 மணி நேரம் போல ஆகும். இடுப்பு வலிக்காரி பஸ் சீட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து போய் வந்தால் கிடைத்த சுகமும் வழியிலேயே போய்விடும். அங்கேயே அறை எடுக்கலாம், வசதி இருந்தால். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மடியில் பீடித்தட்டை வைத்துக் குனிந்தே இருக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. போகாத நாளெல்லாம் கூலி இல்லாத நாள். கழுத்தும் முதுகும் போய்விட்ட அவர்களிடம் தினமும் மதுரைக்குப் போ என்று எப்படிச் சொல்வது?

ஹிப்னாசிஸுக்கு நான் பாளையங்கோட்டையில் ஒரு உளவியல் நிபுணரிடம் போனேன். அத்தை பயந்துபோய், "மயக்கத்துல உள்ளதையெல்லாம் சொல்லிருவியாம்லா?" என்று கேட்டாள். அப்படி இல்லை. நினைவு முழுதாக இருக்கும், வேண்டாமென்றால் கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். சில அமர்வுகளில் அவர் செய்து காட்டியதை நாமே செய்யப் பழக்கிவிட்டு, தன் குரலைப் போனில் பதிந்து கொடுத்தார். பத்தமடைப் பாயில் படுத்து, உத்தரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி மூச்சை மெதுவாக்குவேன். பிறகு பாபநாசம் படித்துறையில் ஒவ்வொரு படியாக இறங்குவதாக நினைப்பேன். முழங்கால் வரை தண்ணீர், அப்புறம் தொடை, இடுப்பு. அந்தக் குளிர்ச்சி வலிக்கிற இடத்தைச் சுற்றிப் பரவி அங்கேயே நிற்கும். வலி ஓடிப்போவதில்லை, அதன் கடுகடுப்பு இறங்குகிறது. 1997-ல் மான்ட்ரியலில் பியர் ரெயின்வில் குழு, சுடுநீரில் கைவைத்தவர்களுக்கு ஹிப்னாசிஸில் வேதனை கூடுவதாகவோ குறைவதாகவோ சொல்லி மூளையைப் படம் எடுத்தது. வலியின் வேதனையை உணரும் பகுதியில் மாற்றம் தெரிந்தது, தொடு உணர்வுப் பகுதியில் அப்படி இல்லை. என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. ராத்திரி 2 மணிக்கு வலி எழுப்பினாலும் அந்தப் பாய் பக்கத்திலேயே கிடக்கிறது. பஸ்ஸும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம்.

ஆனால் எல்லோருக்கும் இது பிடிபடுவதில்லை. சிலர் சட்டென்று ஆழ்ந்துவிடுவார்கள், சிலருக்கு எத்தனை முயன்றாலும் வராது. தினமும் பழகாவிட்டால் எனக்கே பிடி நழுவுகிறது. தூண்டலை நான் எடுத்துக்கொண்டதில்லை, அதனால் அதன் சுகத்தை அளந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகோ நரம்பு சேதத்தாலோ வரும் எரிச்சல் வலி என்றால் டி.எம்.எஸ். பற்றி நரம்பியல் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அதற்கான ஆய்வுகள் அந்த வகை வலியில்தான் அதிகம். டி.டி.சி.எஸ். கருவியை ஆன்லைனில் வாங்கி நீங்களாகவே மாட்டிக்கொள்ளாதீர்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுக்குள் நிற்காவிட்டாலோ இரண்டையும் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஹிப்னாசிஸ் என்று முடிவுசெய்தால், பயிற்சி பெற்ற உளவியல் நிபுணரா, மனநல டாக்டரா என்று விசாரியுங்கள். வீட்டில் தனியாகச் செய்யக் கற்றுத்தருவாரா, குரலைப் பதிந்து கொடுப்பாரா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.