பழைய காருக்குச் சில் தகடு வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று ராத்திரி தகடு விற்றவரிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. "சார், எங்க பக்கம் இனிமே ஒண்ணும் பண்ண முடியாது." அவ்வளவுதான். மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. இரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த மூன்று மாதச் சம்பளம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், அடுத்த ஆள் போய் மாட்டிக்கொள்வார்.

என்னிடம் இருப்பது ஒரு மோரிஸ் மைனர், இரண்டு கதவு வைத்த பழைய கார். வீட்டிலேயே வைத்து நானே துரு வேலை பார்க்கிறேன். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் பெட்டி மாதிரி ஓடுமே, சில் என்பார்கள், அதுதான் இரண்டு பக்கமும் அரித்துப் போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். 1948ல் வந்தபோதே மைனருக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் எலும்பு. முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்கள், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை பார்க்கும் கம்பிகள், பின்னோக்கி ஓடி, தரைக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் முடிகின்றன. அந்தச் சட்டத்தின் இரு முனைகளும் சில் பெட்டியோடுதான் சேர்கின்றன. ஆகவே சில் என்பது அழகுக்கு ஒட்டும் தகடு இல்லை. அது தளர்ந்தால் வண்டியே நடுவில் தொய்யும், கதவு இடிக்கும். தகட்டின் தடிமனில் ஏமாற்றுவது உயிரோடு விளையாடுவது. எனக்கு இத்தனை கோபம் வருவதற்கு அதுதான் முதல் காரணம், பணம் அப்புறம்தான்.

பழைய வண்டிகளின் உதிரி பாகங்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் அந்த விற்பனையாளரைப் பார்த்தேன். வெளித் தகடு, உள் தகடு, ஜாக் வைக்கும் இடம், தரை ஓரம் என இரண்டு பக்கத்துக்கும் முழு செட். "1.2 மில்லிமீட்டர், துத்தநாகப் பூச்சு, ஒரிஜினல் அச்சு" என்று எழுதியிருந்தது. படங்கள் பளிச்சென்று இருந்தன. படத்தை மட்டும் பார்த்து நான் ஏமாறவில்லை. போனில் பேசியபோதுதான் விழுந்தேன்.

எடுத்ததும் அவர் விலை பேசவில்லை. "தம்பி, கதவைப் பாதி திறந்து மேல தூக்கிப் பாருங்க, ஆடுதா?" என்று கேட்டார். ஆடுவது கீலா, கீல் நிற்கும் தூணா என்று பார்க்கச் சொன்னார். "சில்லை வெட்டுறதுக்கு முன்னாடி கதவு வாசல்ல குறுக்குக் கம்பி வெல்ட் பண்ணிடுங்க. ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொடணும்." அத்தனையும் சரியான பேச்சு. இந்த வேலை தெரிந்த யாரும் இதைத்தான் சொல்வார்கள். அன்றைக்கு ராத்திரி ஒரு குரல் செய்தியும் அனுப்பினார். வெல்டிங்கை ஒரே ஓட்டமாக இழுக்காதீங்க, தகடு சூட்டில் நெளியும், அங்கங்கே புள்ளி வைத்துக் குளிர விட்டு இணைங்க என்று பொறுமையாக விளக்கியிருந்தார். மூன்று தடவை கேட்டேன். அண்ணா அண்ணா என்று உருகிப் போனேன். தொழில் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த நாள்தான் அந்த வார்த்தை வந்தது. "சந்தை வழியா கட்டினா அவங்க கமிஷன் பிடிப்பாங்க தம்பி. நேரா என் கணக்குக்குப் போட்டா உங்களுக்குக் குறைச்சுத் தர்றேன்." போட்டேன். மொத்தமாக, முன்பணமாக, மூன்று மாதச் சம்பளம்.

"பத்து நாள்ல வந்துரும், நீங்க வெட்டி ரெடியா வச்சிருங்க" என்று இன்னொரு குரல் செய்தியில் சொன்னார். அவரை நம்பி இடது பக்கத்தை வெட்டினேன். பாட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி, குறுக்குக் கம்பி வைத்து, எல்லாம் முறையாகத்தான் செய்தேன். பத்து நாள் ஐந்து வாரம் ஆனது. கேட்டபோதெல்லாம் "கிளம்பிடுச்சு தம்பி", "நாளைக்கு வந்துரும் தம்பி".

பெட்டி வந்ததும் தூக்கினேன். தூக்கிய கைக்கே தெரிந்துவிட்டது. முழு செட் இருக்க வேண்டிய பெட்டியை ஒற்றை ஆளாக அலட்சியமாகத் தூக்க முடிந்தது.

வெளித் தகடு ஒன்றை எடுத்து அளந்தேன். நீளம் 120 சென்டிமீட்டர். மடிப்புகளை எல்லாம் விரித்துக் கணக்கிட்டால் அகலம் 25. அதாவது 0.3 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 1.2 என்றால் இந்தத் தகடு 2.8 கிலோ இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்தேன், 1.4 காட்டியது. சரி பாதி. ஓரத்தில் கருப்புப் பெயின்ட்டைச் சுரண்டி, தடிமன் அளக்கும் வெர்னியர் வைத்தால் 0.6 மில்லிமீட்டர். சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அந்த இடத்தில் பழுப்பு வளையம். துத்தநாகம் பூசிய தகடு ஒரே ராத்திரியில் இப்படித் துருப் பிடிக்காது. மடிப்பு முனைகளோ கூர்மையாக இல்லாமல் வளைந்து கிடந்தன, பின்பக்கம் ஒரு விரல் அளவு நீளம் போதவில்லை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "உங்க வெர்னியர் தப்பா இருக்கும் தம்பி" என்றார். தராசுப் படத்தை அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு "இந்தக் கனம்தான் வீட்ல வெல்ட் பண்ண சுலபம்." உண்மை நேர் எதிர். தகடு மெல்லிசாக ஆக ஓட்டை விழுவதுதான் அதிகம். பிறகு "பெயின்ட்டைச் சுரண்டிட்டீங்க, திருப்பி எடுக்க முடியாது." சுரண்டாமல் எப்படி ஐயா அளப்பது? பிறகு "அளவு பார்க்காம வண்டியை யார் வெட்டச் சொன்னது?" சொன்னது அவர்தான், குரல் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை அவருக்கே திருப்பி அனுப்பினேன். அந்த நிமிடத்திலிருந்து தம்பி போய் சார் வந்தது.

சந்தைக்காரர்களிடம் முறையிட்டேன். ஒரே வரி. பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே இதில் தலையிட இயலாது. ஆனால் அந்த விற்பனையாளரின் பக்கம் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது, அதே படங்களோடு, அதே 1.2 மில்லிமீட்டரோடு. அதுதான் வயிறு எரிகிறது. மூன்று மாதச் சம்பளம் எனக்குப் போனது போகட்டும், இந்த 0.6 தகட்டை யாராவது விவரம் தெரியாமல் வெல்ட் செய்து, மேலே பட்டி தடவி, பெயின்ட் அடித்து, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனால்?

தகடு வாங்குவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாக நாலு வார்த்தை மட்டும். சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும். முதலில் ஒரே ஒரு தகடு வாங்கித் தராசில் வையுங்கள், பிறகு மற்றதை வாங்குங்கள். கருப்புப் பெயின்ட் அடித்து வந்தால் பெட்டி பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டே சுரண்டுங்கள். புதுத் தகட்டைப் பழையதன் மேல் பொருத்திப் பார்க்கும் வரை தகடு வெட்டும் கிரைண்டரைத் தொடாதீர்கள், யார் சொன்னாலும். என் வண்டி ஆறாவது வாரமாக ஸ்டாண்டில் நிற்கிறது, இடது பக்கம் திறந்தபடி.