கடலோரத்தில் பெரிய டீசல் வண்டி வைத்திருக்கும் கணக்கு

2020 கடைசியில் வாங்கிய ஏழு சீட் டீசல் எஸ்யூவி, லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்த லேடர் சேஸ், மேனுவல் கியர். இப்போது 96,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நான் பட்டதில் முக்கால்வாசி இந்த வகை வண்டி எதிலும் வரக்கூடியதுதான். வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம். ராத்திரி மொட்டைமாடியில் நின்றால் அலைச்சத்தம் கேட்கும். அந்தக் காற்றுதான் வண்டியைத் தின்னப் போகிறது என்று அப்போது தோன்றவில்லை.

ஆனால் முதலில் வைத்த செலவு டிபிஎஃப். பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில், புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி. பிடித்த கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும், அதற்கு உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும், அதாவது இருபது நிமிஷமாவது ஒரே வேகத்தில் நிற்காமல் ஓட வேண்டும். என் வண்டியோ காலையில் பிள்ளைகளை ஸ்கூலில் விட 3 கிலோமீட்டர், திரும்ப 3, சாயங்காலம் மஞ்சக்குப்பம் வரை ஒரு நடை, அவ்வளவுதான். 28,000 கிலோமீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வாரத்தில் இழுவை போய், மிதித்தாலும் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் வடிகட்டியையே மாற்ற வேண்டும், இது ஓட்டும் முறையால் வந்தது, வாரண்டியில் வராது என்று சொல்லி 1,40,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். வயிற்றைக் கலக்கிவிட்டது.

நல்லவேளை, கையெழுத்துப் போடாமல் தெரிந்த மெக்கானிக் பாயிடம் போனேன். ஸ்கேனரை மாட்டி, வண்டியை நிறுத்திய இடத்திலேயே கரியை எரிக்க வைத்தார், 3,500 ரூபாயில் விளக்கு அணைந்தது. "சார், நீங்க வண்டி ஓட்டல, வண்டியில உலாத்துறீங்க" என்றார். அப்புறம் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார், அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. கரி எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சுகிற டீசல், பாதியில் வண்டியை அணைத்துவிட்டால் எரியாமல் இறங்கி ஆயிலில் கலந்துவிடுமாம். அந்த நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங், டர்போ எல்லாம் தேயும். ஆயில், ஃபில்டர் மாற்ற இன்னொரு 8,500.

அதிலிருந்து ஞாயிறு காலை பாண்டிக்கு ஒரு நடை போய் வருவது வழக்கமாகிவிட்டது. அங்கே டீசலும் மலிவு, டேங்கை நிரப்பிக்கொள்வேன். வாராவாரம் பாண்டிக்குப் போகிறவனைக் கடலூரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, டிபிஎஃப் என்றால் யார் நம்புகிறார்கள்? மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த விளக்கு மறுபடி எரியவில்லை.

உப்புக்காற்றுக்கு அப்படி வைத்தியம் இல்லை. 54,000இல் முன்பக்கம் கடகடவென்று சத்தம், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் இருக்கிற ரப்பர் புஷ் போயிருந்தது. சாமான் விலை பெரிதில்லை, போல்ட்டுதான் துருப்பிடித்து இறுகி, கேஸ் வைத்து வெட்டி எடுக்க ஒரு நாள் ஆனது, கூலியோடு 26,000. அடுத்த வருஷம் ஏசி கண்டென்சர் அரித்துக் கேஸ் கசிந்தது, 17,500. இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். போர் தண்ணீரில் கழுவாதீர்கள், எங்கள் பக்கம் அதுவும் உப்புதான்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். அது புதுச்சேரி பக்கம் கரையேறி நகராமல் கொட்டியது ஒரு பக்கம் என்றால், அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் இன்னொரு பக்கம். பாதிச் சக்கரத்துக்கு மேல் தண்ணீர். வண்டியை எடுத்து மேட்டில் விடலாம் என்று மச்சான் சாவியோடு இறங்கினான், பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும், எஞ்சின் காலி. சாதாரண முழு இன்சூரன்ஸில் அதற்குப் பணம் வருவது கஷ்டம், எஞ்சின் புரொடெக்‌ஷன் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். என்னிடம் இல்லை, இப்போது உண்டு. எஞ்சின் தப்பியது, ஆனால் இரண்டு மாதம் கழித்து வீல் பேரிங் உறுமியது, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் செத்தது. இரண்டும் சேர்த்து 34,000.

81,000இல் கிளட்ச். பிளேட்டோடு முடியும் என்று நினைத்தேன், கிளட்ச் உட்காருகிற, அதிர்வை வாங்கும் கனச் சக்கரமான டூயல் மாஸ் ஃபிளைவீலும் போயிருந்தது, 62,000. ஊருக்குள் அரை கிளட்ச்சில் ஊர்ந்ததன் கூலி, வண்டியைக் குறை சொல்ல மாட்டேன்.

வழக்கமான சர்வீஸ், டயர் எல்லாம் போக இதுவரை ஒன்றரை லட்சம். எஞ்சின், டர்போ, கியர்பாக்ஸ் எதையும் உள்ளே பிரிக்க வேண்டி வரவில்லை. லாங் டிரைவ் நிறையப் போகிறவர் தாராளமாக வாங்கலாம். என்னைப் போல ஸ்கூலுக்கும் கடைத்தெருவுக்கும் என்றால் சின்ன பெட்ரோல் வண்டியே போதும், அதை எனக்கு யாராவது 2020இல் சொல்லியிருக்கலாம். வீட்டில் சொன்னார்கள்தான்.

போன வாரத்திலிருந்து ஸ்டியரிங் திருப்பும்போது லேசாக டக் டக் என்கிறது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை, டை ராடு எண்டாக இருக்கும் என்கிறார் பாய். இந்த ஞாயிறு பாண்டி போய் வந்ததும் தூக்கிப் பார்க்கப் போகிறார்.