மஞ்சள் வாளி, வெள்ளை ஷவர்: வீடு முழுவதற்கும் எந்த வடிகட்டி?

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் குழாயைத் திறந்ததும் போர் தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும். வாளியில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் மஞ்சளாகிவிடும். ஷவரின் துளைகளில் பாதியை உப்பு அடைத்திருந்தது. துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. வீடு முழுவதற்கும் ஒரு மெஷின் போட்டுவிடலாம் என்று விசாரித்தபோது நான்கு விற்பனையாளர்கள் வந்தார்கள். நால்வரும் நான்கு வேறு மெஷின்களைச் சொன்னார்கள்.

அவர்களில் ஒருவர் வித்தைக்காரர். எங்கள் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் இரும்புக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் டம்ளர் செம்மண் குழம்பாகியது, ஆர்.ஓ. டம்ளர் அப்படியே இருந்தது. "இதைத்தான் குடிக்கிறீர்கள்" என்றார். அந்தக் குழம்பு கம்பி கரைந்து வந்த துரு. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், கம்பியும் வேகமாக அரிக்கும். ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டிருந்தால் அதுவும் நிறம் மாறியிருக்கும். இந்த வித்தையைக் காட்டுபவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுவதே நல்லது.

முதலில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துக் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியத்தின் அளவு), இரும்பு, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்த அளவு) ஆகிய மூன்று எண்களை வாங்குங்கள். எங்களுக்கு லிட்டருக்குக் கடினத்தன்மை 520 மில்லிகிராம், இரும்பு 1.2, டி.டி.எஸ். 1,100 என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை 200க்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். டி.டி.எஸ்.ஸுக்கு அதே கணக்கு 500, 2,000. இரும்பு 0.3ஐத் தாண்டினாலே துணியில் கறை விழத் தொடங்கும். மூன்றும் மூன்று தொல்லைகள். மூன்றையும் ஒரே மெஷின் தீர்க்கும் என்பவரை நம்பாதீர்கள்.

மணலும் கரியும் போட்ட சாதாரண வடிகட்டி எல்லாவற்றிலும் மலிவு. கலங்கல், குளோரின் வாடை ஆகியவற்றைப் போக்கும். மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத்தின் குழாய் நீர்) மட்டும் வரும் வீட்டுக்கு இது போதும். கடினத்தன்மையை இது தொடக்கூட முடியாது.

இரும்பு நீக்கும் வடிகட்டியை யாரும் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் வேண்டியது அதுதான். நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும் இரும்பு, நீரில் கரைந்து நிறமில்லாமல் இருக்கிறது. காற்றுப் பட்டதும் துருவாகிப் பிரிகிறது, வாளி மஞ்சளாகிறது. அந்த மாற்றத்தை மாங்கனீசு டை ஆக்சைடு கலந்த மணல் விரைவுபடுத்தித் துருவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை வெளியேற்ற, மேலே இருக்கும் மல்டிபோர்ட் வால்வைத் திருப்பி எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு அலச வேண்டும். பேக்வாஷ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதற்குச் சோம்பல்பட்டால் சீக்கிரமே மணல் கட்டியாகிவிடும்.

அடுத்தது சாஃப்ட்னர். இதில் இருக்கும் ரெசின் மணிகள் நீரிலிருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கின்றன. கடினத்தன்மை போய்விடும், டி.டி.எஸ். அப்படியே இருக்கும். மெஷின் போட்ட பிறகு டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்து "ஏமாற்றிவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பாவம், அந்த ஒரு விஷயத்தில் விற்றவர் மேல் தவறில்லை.

செலவு எங்கே என்று பார்ப்போம். 25 லிட்டர் ரெசின் இருக்கும் மெஷின், எங்கள் தண்ணீரில் சுமார் 2,500 லிட்டரை மென்மையாக்கும். அதன்பின் உப்புக் கரைசலை ஓடவிட்டு ரெசினைக் கழுவ வேண்டும். ஒரு தடவைக்கு 3 முதல் 4 கிலோ உப்பு ஆகும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நால்வருக்கு 540 லிட்டர். ஆக நான்கைந்து நாளுக்கு ஒரு கழுவல், மாதம் 20 கிலோவுக்கு மேல் உப்பு. மூட்டையைத் தூக்குவது யார் என்பதை வீட்டில் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இரும்பு உள்ள தண்ணீரை நேராகச் சாஃப்ட்னருக்குள் விட்டால் துரு ரெசினில் அப்பிக்கொண்டு அதன் திறனைக் கெடுத்துவிடும். இரும்பு வடிகட்டி அதற்கு முன்னால் இருந்தாக வேண்டும். இன்னொன்று, 520 கடினத்தன்மையை முழுதாக எடுத்தால் லிட்டருக்கு 240 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் கூடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை அப்படியே குடிக்கக் கூடாது. சமையலறை ஆர்.ஓ. அந்தச் சோடியத்தின் பெரும்பகுதியை எடுத்துவிடும். மென்மையான நீர் போவதால் ஆர்.ஓ. மெம்பிரேனிலும் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) உப்புப் படியாது, அதன் ஆயுளும் கூடும்.

உப்பே வேண்டாத மெஷின் என்று இரண்டு வகைகளை விற்கிறார்கள். குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டுவது ஒன்று. அது நிச்சயமாக வேலை செய்யும் என்று சொல்லத்தக்க சான்று இல்லை. நான் என் காசைப் போட மாட்டேன். மற்றொன்று, கால்சியத்தை நுண்படிகமாக்கிக் குழாயில் ஒட்டாமல் செய்யும் கண்டிஷனர். கீசரையும் குழாயையும் காப்பது மட்டுமே நோக்கம் என்றால் இதைப் பரிசீலிக்கலாம். ஆனால் கால்சியம் தண்ணீரிலேயேதான் இருக்கும். சோப்பு நுரைப்பதிலும் பருப்பு வேகுவதிலும் மாற்றம் எதிர்பார்க்காதீர்கள்.

வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. என்பது என் கணக்கில் வீண். பாதிக்குப் பாதி கழிவு என்று வைத்தாலும் 540 லிட்டருக்கு 1,080 லிட்டர் இறைக்க வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது. கழிப்பறையில் ஊற்றுவதற்கு மெம்பிரேன் தண்ணீரா? டி.டி.எஸ். 2,000ஐத் தாண்டிய வீடுகளுக்கு வேண்டுமானால் வேறு வழியில்லாமல் இருக்கலாம்.

ஆகவே நாங்கள் போட்டது இரும்பு வடிகட்டி, அதன்பின் சாஃப்ட்னர், சமையலறையில் மட்டும் சின்ன ஆர்.ஓ. கடினத்தன்மை 300க்குக் கீழே என்றால் சாஃப்ட்னர் இல்லாமலே சமாளித்திருப்பேன்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே வைத்தால் மூன்று மீட்டர் உயரத்துக்கு 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பெரும்பாலான சாஃப்ட்னர்களுக்கு 1.5 பாராவது வேண்டும். சம்ப்பில் (தரைக்கடித் தொட்டி) இருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாருக்கு அடுத்து வைத்தால் அந்த மோட்டாரின் அழுத்தமே போதும். மோட்டார் மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று பார்த்து, அதற்கேற்ற அளவில் மெஷினை வாங்க வேண்டும். கழுவிய உப்புத் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போக வேண்டும், மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் விடவே கூடாது.

முதல் வாரம் குளித்துவிட்டு வந்த என் மாமியார், "சோப்பு போகவே மாட்டேன் என்கிறது, வழுக்குகிறது" என்றார். மென்மையான நீர் உடம்பில் அப்படித்தான் தெரியும், பழகிவிடும். பழகாதது கறிவேப்பிலைச் செடிதான். தோட்டத்துக் குழாயை மெஷினுக்கு முன்னாலேயே பிரித்துவிடச் சொல்ல மறந்துபோனோம். சோடியம் குடித்துக் குடித்து இலை நுனியெல்லாம் கருகி நின்றது. அடுத்த மாதம் பிளம்பரை மறுபடி அழைத்து, சுவரை உடைத்து, அதற்கென்று தனிக் குழாய் இழுத்தோம்.