மூன்றரை லட்சத்துக்கு வேகனாரா, ஸ்விஃப்ட் டீசலா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மூன்றரை லட்சம் ரூபாயை வைத்துக்கொண்டு பழைய கார் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்: வேகனார் 1.0 பெட்ரோல், ஸ்விஃப்ட் 1.3 டீசல். நடுவில் யாராவது கிராண்ட் ஐ10 என்பார், இன்னொருவர் டியாகோ என்பார். நான் எடுத்தது வேகனார். 2010இல் வந்து 2019 தொடக்கத்தில் புது மாடல் வரும்வரை ஓடிய இரண்டாம் தலைமுறை வண்டி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஏன் சாய்கிறது என்பதற்கான கணக்கு கீழே இருக்கிறது. ஒப்பவில்லை என்றால் ஸ்விஃப்டையே எடுங்கள், தப்பில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். வேகனாரில் சீட்டு உயரம். முட்டி வலிக்காரர் குனியாமல் ஏறி உட்காரலாம். பின் சீட்டை மடக்கினால் தருமபுரி அங்காடிக்குப் போகும் பட்டுக்கூடு மூட்டை மாதிரி எடை குறைந்த, இடம் அடைக்கிற சரக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் உயரமாகத் தெரிகிறதே என்று தரை இடைவெளியை நம்பிவிடாதீர்கள்: வேகனார் 165 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட் 170. காட்டு வழியில் அடி தட்டுவது வேகனாருக்குத்தான் முதலில்.

இழுவையில் ஸ்விஃப்ட் டீசலை வேகனார் தொடவே முடியாது. 1248 சிசி டர்போ என்ஜின் 2000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் இழுக்கும். வேகனாரின் மூன்று சிலிண்டர் 998 சிசி என்ஜினுக்கு 90தான், அதுவும் 3500 ஆர்பிஎம்மில். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஐந்து பேரும் ஏசியும் இருந்தால் வேகனாரை மூன்றாவது கியருக்கு இறக்கி என்ஜினைக் கத்தவிட வேண்டும். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியர்தான். கத்துகிறதே என்று பயந்து மேல் கியரிலேயே திணற வைப்பதுதான் கெடுதல். கிளட்சும் என்ஜின் மவுண்டும் அப்படித்தான் சீக்கிரம் போகின்றன. வாரம் நாலு நாள் மலைப்பாதை என்றால் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டு டீசலைப் பார்க்கலாம்.

மற்றவர்களுக்குப் பராமரிப்புதான் முடிவைச் சொல்லும். மாதம் 700 கிலோமீட்டர் என்று வையுங்கள்: அரூரிலோ பாலக்கோட்டிலோ இருந்துகொண்டு தினமும் கொஞ்சம் ஓட்டி, மாதம் ஒருமுறை பெங்களூரோ சேலமோ போய்வருகிற குடும்பம். வருஷத்துக்கு 8,400 கிலோமீட்டர். வேகனார் லிட்டருக்கு 17 கொடுத்தால் 494 லிட்டர். பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 49,900. ஸ்விஃப்ட் 20 கொடுத்தால் 420 லிட்டர். டீசல் 93 ரூபாய்க்கு 39,060. வித்தியாசம் வருஷத்துக்கு 10,800 ரூபாய் சொச்சம். இந்தப் பத்தாயிரத்தை நம்பித்தான் எல்லோரும் டீசலுக்குப் போகிறார்கள்.

மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் 2012 முதல் 2015 வரையிலான ஸ்விஃப்ட். மீட்டர் என்ன காட்டினாலும் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும் என்றே கணக்கு வையுங்கள். அந்த வயதில் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் ஒன்று போனால் புதிது பத்தாயிரத்துக்குக் குறையாது, மொத்தம் நான்கு இஞ்செக்டர். டர்போ புதிதாகப் போட்டால் இருபதாயிரத்தைத் தாண்டும். ஒரே ஒரு இஞ்செக்டரும் ஒரு சென்சாரும் போதும், அந்த வருஷத்து மிச்சம் அங்கேயே முடிந்தது. வேகனாரில் மூன்று பிளக், மூன்று காயில். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிக் கூலியோடு ஏழாயிரம் எட்டாயிரத்துக்குள் முடியும். ஊத்தங்கரையிலோ அஞ்செட்டியிலோ சின்னப் பட்டறையில் நிறுத்தினாலும் இந்த என்ஜினைப் பிரித்துப் பார்த்த கை ஒன்று இருக்கும். டீசலுக்கு ஸ்கேனர் வேண்டும், பம்ப் வேலை தெரிந்தவர் வேண்டும். பெரும்பாலும் சேலமோ ஓசூரோ போகவேண்டி வரும்.

குறைந்த ஓட்டத்தில் டீசலுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. தினமும் நாலு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் என்ஜின் முழுச் சூடே ஏறாது. புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்விலும், காற்று உள்ளே போகும் இன்டேக் பைப்பிலும் கரி தார் மாதிரி படியும். பிறகு பிக்கப் குறையும், கரும்புகை வரும், மைலேஜ் கேட்டு வாங்கிய வண்டி 15க்கு இறங்கும். மாதம் 1,500 கிலோமீட்டர், அதுவும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் நீளமான ஓட்டம் என்றால் கணக்கு திரும்பிவிடும்: எரிபொருள் மிச்சமே வருஷத்துக்கு 23,000 பக்கம் வரும், கரியும் அவ்வளவாகப் படியாது. ஆயிரத்துக்கும் 1,500க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன். கிடைக்கிற வண்டி எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

டீசல்தான் என்று முடிவெடுத்தவர்கள் வண்டி பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். வேறொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முதல் சில நொடிகள் சங்கிலி உரசுகிற மாதிரி சத்தம் வந்தால் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். ஆயிலைக் காலத்தில் மாற்றாத வண்டிகளில் வருவது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேலேயே தலைகீழாக வையுங்கள். புஸ்புஸ் என்று புகை தள்ளி மூடி துள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இஞ்செக்டர் அடியில் கறுப்பாகத் தார் கட்டியிருந்தால் செம்பு வாஷர் கசிகிறது. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் பைப்பைக் கழற்றினால் லேசான ஆயில் ஈரம் சகஜம், வழிந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம். டெல்லியில் 10 வருஷம் ஆன டீசலை ஓட்டக் கூடாது என்று இருந்ததால் அங்கிருந்து மலிவாக இறங்கிய வண்டிகளும் உண்டு. ஆர்.சி.யில் முதல் பதிவு எங்கே என்று பாருங்கள்.

வேகனாருக்கும் ஒரு பெரிய பலவீனம் உண்டு, நம்ம ஊரில் அது இன்னும் பெரிதாகிறது. என்ஜினின் ஹெட்டும் (தலைப்பகுதி) பிளாக்கும் இரண்டுமே அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் ஹெட் வளைந்துவிடும். சூடேறக் காரணம் நம்ம தண்ணீர். இந்த இரண்டு மாவட்டத்திலும் ஃபுளோரைடு பல்லில் கறை ஏற்றுவது எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ரேடியேட்டரைக் கெடுப்பது அதல்ல, போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவம்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் ஏறும். கூலண்ட் குறைந்தால் வாட்டர் வாஷ் பைப்பையே உள்ளே விடும் பழக்கம் இங்கே சர்வ சாதாரணம்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் (சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும்) ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். உள்ளே பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் நல்லது. செங்கல் தண்ணீர் நிறம் என்றால் துரு. மூடியின் ரப்பரிலும் கழுத்திலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை ஓடு இருந்தால் போர் தண்ணீர். மேல் ஹோஸ் பைப்பை அமுக்கிப் பாருங்கள்: விறைத்துப்போய் மொறுமொறு என்றிருக்கக் கூடாது. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளைக் கலவை இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம். குளிர்காலத்தில் கிட்ட ஓட்டமே ஓடிய வண்டியில் லேசாகப் படிவதும் உண்டு, அதனால் ஆயில் குச்சியையும் உருவிப் பாருங்கள். அதிலும் இருந்தால் விட்டுவிடலாம். பிறகு மூடியைப் போட்டு, ஏசியை அணைத்து, கால் மணி நேரம் ஐடிலிங்கில் விடுங்கள். ஏசி ஓடினால் ரேடியேட்டர் ஃபேன் எப்படியும் சுற்றும், எதுவும் தெரியாது. ஃபேன் தானாக ஓடி, நின்று, மறுபடி ஓட வேண்டும். ஓடாமலே சூடு ஏறினால் சென்சாரோ ரிலேவோ, சின்னச் செலவு. ஓடிக்கொண்டே இருந்து நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. ரிசர்வ் டப்பாவில் குமிழி விடாமல் வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் காஸ்கெட் போயிருக்கிறது, அந்த வண்டி வேண்டாம்.

மற்ற குறைகள் எல்லாம் விலை பேச உதவுகிறவை. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அடியில் டக் டக் என்பது ஷாஃப்ட் ஜாயிண்ட். மேடு பள்ளத்தில் முன்பக்கம் கடகட என்றால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், இரண்டுமே மலிவு. முழுசாக ஒடித்துத் திருப்பும்போது டிக் டிக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட், ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது, அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது.

பாதுகாப்பு விஷயத்தில் வேகனாருக்காக வாதாட மாட்டேன். பழைய எல்எக்ஸ்ஐ என்கிற விலை குறைந்த வகையில் ஏபிஎஸ்ஸும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. 2019க்குப் பிறகு வந்த புது மாடலே குளோபல் என்கேப் மோதல் சோதனையில் முதலில் 2, பிறகு 2023இல் 1 நட்சத்திரம்தான் வாங்கியது. டியாகோ 2020இல் 4 வாங்கியது. நெடுஞ்சாலையிலேயே நூறில் ஓட்டுகிறவர் டியாகோவைப் பார்ப்பதுதான் சரி. அதை நான் நீண்ட நாள் வைத்து ஓட்டியதில்லை, பராமரிப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். கிராண்ட் ஐ10இன் 1.2 பெட்ரோல் நான்கு சிலிண்டர். ஓட்டத்தில் சத்தம் குறைவு, உள்ளலங்காரம் ஒரு படி மேல். பம்பர், லைட் போன்ற பாகங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். விற்கும்போது மூன்றிலும் வேகனாருக்குத்தான் கை மாற்ற ஆள் சீக்கிரம் கிடைக்கும்.

பெங்களூர் பக்கத்திலேயே இருப்பதால் கேஏ நம்பர் வண்டியும் வந்து நிற்கும். விலை குறைவாகத் தெரியும், சர்வீஸ் ரெக்கார்டும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். ஆனால் டிஎன் 24, 29, 70 நம்பருக்கு மாற்றும் செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். அங்கிருந்து படிவம் 28இல் என்ஓசி (ஆட்சேபனை இல்லாச் சான்று), 29, 30இல் உரிமை மாற்றம், லோன் இருந்திருந்தால் 35, இங்கே புது நம்பருக்கு 27, அதோடு வண்டியின் வயதுக்கேற்ற தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்கு அலைச்சல் உண்டு. வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டக் கூடாது. என்ஓசி கைக்கு வராமல் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுக்காதீர்கள். 2022 செப்டம்பரில் பெங்களூரில் வெள்ளம் வந்தபோது எத்தனையோ கார் முங்கியது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள், ஸ்டெப்னி குழியையும் சீட்டு ரெயில் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வேகனாரை வாங்கிவிட்டால் முதல் வாரத்தில் பாட்டுப் பெட்டி, சீட் கவர் எல்லாம் வேண்டாம். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் மாற்றுங்கள். பழைய கூலண்டை வடித்து, ரேடியேட்டரை டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசி, பாதி கூலண்ட் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து நிரப்புங்கள். டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன்கள் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதும். ரேடியேட்டர் மூடியையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள், அழுத்தம் பிடிக்காத பழைய மூடியாலேயே பாதி வண்டிகள் கொதிக்கின்றன. கலந்ததில் மிச்சமாகும் ஒரு லிட்டரைப் பாட்டிலில் ஊற்றி டிக்கியில் வையுங்கள், தொப்பூரில் ஒதுங்கும்போது டீக்கடைக் குடத்தைக் கேட்க வேண்டியிருக்காது.