ஒற்றைப் பேட்டரிக் கட்டையில் எரியும் எல்இடி கிட்: செத்த பேட்டரி சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு

அம்பாசமுத்திரத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கட்டையை மாற்றினாலே ஓடிவிடும். பழைய கட்டையை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மீட்டரில் வைத்தால் ஒரு வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். அப்படிச் சேர்ந்தது மேசைக்கடியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கிடக்கிறது. அதை எரித்துத் தீர்க்கத்தான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நாமே பற்றவைத்துக் கட்டிக்கொள்ளும் இந்த எல்இடி விளக்குக் கிட்டை வாங்கினேன். விலை 70 ரூபாய்.

கவருக்குள் ஒரு ஃபெரைட் வளையம், இரண்டு நிறத்தில் எனாமல் கம்பி, டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 5 மி.மீ. வெள்ளை எல்இடி, ஒற்றைக் கட்டை ஹோல்டர், சின்னதாக ஒரு போர்டு. சுவிட்ச் கிடையாது. 70 ரூபாய் வாங்குகிறவன் ஒரு சுவிட்ச் போட்டால் குறைந்தா போய்விடுவான்?

வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும். புதுக் கட்டையே 1.5 தான், நேராகக் கொடுத்தால் மினுங்கக்கூடச் செய்யாது. இங்கே டிரான்சிஸ்டர் கரண்டை விடும்போது வளையத்தில் சுற்றிய கம்பியில் சக்தி ஏறுகிறது. அது சட்டென்று நிறுத்தியதும் சுருள் வோல்ட்டேஜை எகிறவைத்து எல்இடி வழியே தள்ளிவிடுகிறது. நொடிக்குப் பல ஆயிரம் தடவை இப்படி நடப்பதால் கண்ணுக்கு விடாமல் எரிவதுபோல இருக்கும். கபார்னிக் என்பவர் அனுப்பி, 1999 நவம்பரில் ‘எவ்ரிடே பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்’ என்ற இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்த சர்க்யூட். ‘ஜூல் தீஃப்’ என்று கேட்டால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புரியும்.

தகராறு எல்லாம் சுற்றுவதில்தான். இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். பிறகு ஒன்றின் தொடக்கமும் மற்றதன் முடிவும் சேர்ந்து கட்டையின் பிளஸுக்குப் போகணும். உள்ளே இருக்கும் தாளில் அந்தப் படம் மங்கலாக, எது எந்த நிறம் என்றே தெரியாத அச்சில் இருக்கிறது. கடைக்கு போன் போட்டேன். “எரியலைன்னா ஒரு கம்பியோட ரெண்டு முனையையும் மாத்திப் போட்டுப் பாருங்க அண்ணாச்சி, எரிஞ்சிரும்” என்றார். அந்த ஒரு வரியைத் தாளில் போட்டிருக்கலாம். பற்றவைக்கும் முன் கம்பி முனையில் எனாமலை நன்றாகச் சுரண்டிவிடுங்கள், பிளேடு போதும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. தாளிலும் போர்டிலும் 2என்3904 என்ற டிரான்சிஸ்டர் வரைந்திருக்கிறது. கவரில் இருந்தது பிசி 547. இரண்டுக்கும் நடுக்கால் பேஸ்தான், ஆனால் ஓரக்கால்கள் இடம் மாறியிருக்கும். போர்டில் போட்டிருக்கும் வடிவத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிச் செருகினால்தான் சரி. புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் இதில் மண்டையை உடைத்துக்கொள்ளும்.

ஒழுங்காகக் கட்டிவிட்டால் வேலை செய்கிறது. கடிகாரத்தை ஓட்ட முடியாத கட்டை இதில் சாவகாசமாக எரிகிறது. 0.6 வோல்ட் பக்கம் வந்தால் வெளிச்சம் மங்கிவிடும். அதன் கீழே கழற்றி மாட்டினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்கிறது. எல்இடி முனையில் மீட்டரை வைத்து அளந்து, வோல்ட்டேஜ் வரவில்லையே என்று குழம்ப வேண்டாம். விட்டுவிட்டு வரும் துடிப்பை மீட்டர் சராசரியாகத்தான் காட்டும். பக்கத்தில் மீடியம் வேவ் ரேடியோவை வைத்தால் கரகரவென்று இரைகிறது. சர்க்யூட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதுவே நல்ல சோதனை.

கரண்ட் போன ராத்திரியில் மாடிப்படிக்கு, பூட்டுத் துவாரம் தேட, இது போதும். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வரப்பில் போகிறவர்கள் நல்ல பேட்டரி லைட்டே எடுத்துப் போங்கள். இந்த வெளிச்சத்தில் பாம்பு தெரியாது.

கம்பி சுற்றப் பொறுமை இல்லாதவர்கள் உடைந்த சோலார் தோட்ட விளக்கைப் பிரித்துப் பாருங்கள். நாலு கால் ஐசி (சில்லு) ஒன்றும் சுருள் ஒன்றும் இருக்கும். 1.2 வோல்ட் சார்ஜ் கட்டைக்காகவே செய்தது, இதே வேலையைச் சுத்தமாகப் பார்க்கும்.

கட்டை அணைந்ததும் ஹோல்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். இவ்வளவு வற்றிய கட்டை சீக்கிரம் ஒழுகும்; இந்தக் கிட்டில் கொடுத்திருக்கும் ஸ்பிரிங் அதைத் தாங்காது, எனக்கு ஏற்கெனவே பச்சை பூத்துவிட்டது.